மடமும் மேடையும்

1

‘சந்தேகம் வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு’ என்று ஒரு முறை எழுதினேன். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு அமைப்புக்காக எழுதிய துண்டுப் பிரசுரத்தில் வந்த வாக்கியம் அது. அமைப்பின் பெயர் இங்கே அவசியமில்லை. வாக்கியம் நன்றாக வந்திருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் எழுதும்போதே அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் நெருங்கிய நண்பர்கள் இருவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். “இது மேடைக்கு” என்றேன். அவர்கள் புரிந்துகொண்டு சிரித்தார்கள்.

ஆறேழு மாதம் கழித்து, காரைக்குடிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் அமைப்பின் கூட்டம் நடந்தது. நில உறவுகளைப் பற்றிய பேச்சு. ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். “நிலத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள், சரி. நம் பக்கம் கண்மாய்ப் பாசனம். தண்ணீரை யார் பிரிப்பது? மடைக்கு முதலில் இருக்கிற வயல்காரன் அப்போதும் முதலில்தானே இருப்பான்?” பேசிக்கொண்டிருந்த இளைஞனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரிந்திருக்காது. அவன் ஒரு கணம் திகைத்துவிட்டு, “ஐயா, சந்தேகம் வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு” என்றான். கைதட்டல் எழுந்தது. ஆசிரியர் வீட்டில் ஒரு வேளைதான் உலை வைப்பார்கள் என்பது அந்த ஊரில் கைதட்டியவர்களுக்கும் தெரியும். அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து எதுவும் சொல்லவில்லை.

ஒரு இயக்கத்துக்குச் சொல் எடுத்துக் கொடுக்கிறவனின் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்வி எனக்கு அன்று வந்தது. வாக்கியம் என்னுடையது, அதைப் பிரயோகித்தவன் வேறொருவன், பிரயோகித்த சந்தர்ப்பத்தை நான் நினைத்தும் பார்த்ததில்லை. இந்த மூன்றையும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் பல வருஷம் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருந்தேன். தப்பிக்க முடியாத இடம் அந்த டீக்கடைப் பேச்சு. உள்வட்டத்துக்கு ஒரு உண்மை, மேடைக்கு ஒரு உண்மை என்று நான் பிரித்து வைத்திருந்தேன். அந்தப் பிரிவினைக்கு வேறு யாரையும் பொறுப்பாக்க முடியாது.

இந்தப் பிரிவினை ஏதோ நவீன அரசியலின் சீரழிவு என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பழையது என்பதைக் கோவிலூரில்தான் புரிந்துகொண்டேன்.

2

காரைக்குடியை அடுத்த கோவிலூரில் கொற்றவாளீசுவரர் கோயிலும் அதை ஒட்டி வேதாந்த மடமும் இருக்கின்றன. மடத்தை ஸ்தாபித்தவர் முத்துராமலிங்க ஞானதேசிகர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் வேதாந்தம் கற்க விரும்பிய பிராமணரல்லாத ஒருவனுக்கு முதலில் ஞாபகம் வந்திருக்கக்கூடிய பெயர்களில் ஒன்று கோவிலூர். அங்கே பாடம் தமிழில் நடந்தது. கைவல்ய நவநீதம், ஞானவாசிட்டம் என்று ஒழுங்குபடுத்திய நூல் வரிசை இருந்தது. குரு பாடம் சொல்வார். மாணவன் கேட்டு, திரும்பச் சொல்லி, சந்தேகம் எழுப்பி, மறுபடி கேட்பான். சமஸ்கிருதமும் பூணூலும் இல்லாமலே அத்வைதம் பயிலலாம் என்பதை வாதத்தால் நிரூபிக்காமல் பழக்கத்தால் நிரூபித்த இடம் அது. இதை ஒரு சிறிய காரியமாக நான் நினைக்கவில்லை. நம் சூழலில் மடம் என்றாலே தேக்கம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தைக் கோவிலூர் விஷயத்தில் சற்று நிறுத்தி வைக்க வேண்டும்.

அந்தப் பாடங்களில் நடுநாயகமானது நன்னிலம் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம். அது இரண்டு பகுதிகளாக அமைந்த நூல். முதல் பகுதி தத்துவ விளக்கம். இரண்டாவது பகுதிக்குப் பெயர் சந்தேகம் தெளிதற் படலம்; முதல் பகுதியைவிட அது பெரியது. தத்துவத்தைச் சொன்னதற்குச் செலவான இடத்தைவிட அதன் மீது எழும் சந்தேகங்களுக்குச் செலவான இடம் அதிகம். கார்ல் கிரவுல் என்ற ஜெர்மன் பாதிரியார் இந்த நூலை முதலில் ஜெர்மனிலும், பிறகு 1855-இல் தமிழ் மூலத்தோடு சேர்த்து ஆங்கிலத்திலும் வெளியிட்டார். ஐரோப்பியர்கள் அச்சில் பார்த்த முதல் தமிழ் வேதாந்த நூல்களில் இது ஒன்று.

கோவிலூரில் இளமையில் பாடம் கேட்ட முதியவர் ஒருவரோடு சில மாலைகள் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஜவுளிக்கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். சீவன், பரம், சாட்சி, ஆவரணம் என்று அவர் சொல்லிக்கொண்டு போகும்போது ஒரு தச்சன் உளியையும் இழைப்புளியையும் எடுத்துக் காட்டுவதுபோல இருக்கும். ஒரு நாள் கேட்டேன்: “எல்லாம் ஒன்று என்று பாடம் கேட்டீர்கள். வெளியே வந்தால் ஊரில் சேரி தனியாகத்தானே இருந்தது? அதைப் பற்றி யாரும் சந்தேகம் எழுப்பவில்லையா?” அவர் கோபப்படவில்லை. “அது வியவகாரம், தம்பி. இது பரமார்த்தம்” என்றார்.

அத்வைதம் தெரிந்தவர்களுக்கு இது புதிய விஷயமில்லை. உண்மைக்கு இரண்டு தளங்கள். பரமார்த்த தளத்தில் பேதமில்லை. வியவகார தளத்தில் பசி, பணம், சாதி, சடங்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஞானி அவற்றைப் பொய் என்று அறிந்தபடியே அவற்றுக்குள் நடமாடுவான். தத்துவம் என்ற அளவில் இந்தப் பிரிவினைக்கு ஒரு தேவை உண்டு. அது இல்லாவிட்டால் அத்வைதி வாய் திறக்கவே முடியாது. ஆனால் அறிவுபூர்வமான ஒரு ஏற்பாடு வாழ்க்கையில் சௌகரியமாகவும் ஆகிவிடுகிறது. ஆதி சங்கரரிடம் சண்டாளன் கேட்ட கேள்வியைப் பற்றிய கதை நாம் அறிந்ததே. விலகச் சொன்னீரே, விலக வேண்டியது உடலா, ஆன்மாவா என்று அவன் கேட்கிறான். சங்கரர் வணங்குகிறார். கதை அங்கே முடிந்துவிடுகிறது. மறுநாள் அவன் எந்தத் தெரு வழியாகப் போனான் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை.

கோவிலூர் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதி திராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. சட்டை கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூச்சூடக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931-இல் தடைகள் பதினொன்றாயின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். மடத்தில் சந்தேகம் தெளிதற் படலம் நடந்துகொண்டிருந்த அதே மாவட்டம், அதே வருஷங்கள். மடம் இந்தத் தடைகளை விதித்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு மேடை வாக்கியமாகிவிடும். அந்தப் படலத்தில் எழுப்பப்பட்ட சந்தேகங்களின் பட்டியலில் இது சேரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

3

கைவல்ய நவநீதத்தைக் கரைத்துக் குடித்ததனால் அந்த நூலின் பெயரையே தன் பெயராகப் பெற்ற ஒருவர் இருந்தார். கைவல்ய சாமியார் என்றும் கைவல்யம் என்றும் அழைக்கப்பட்டவர். இயற்பெயர் பொன்னுசாமி. 1877-இல் கள்ளிக்கோட்டையில் பிறந்து, கொங்கு நாட்டில் கரூர், ஈரோடு வட்டாரங்களில் அலைந்து, சாமியார்களோடும் பண்டிதர்களோடும் வாதம் செய்வதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். 1953-இல் மறைந்தார். பெரியாருக்கு ஈரோட்டில் அவரோடு ஏற்பட்ட பழக்கம், சுயமரியாதை இயக்கம் என்ற ஒன்று கற்பனையில்கூட இல்லாத காலத்தியது. பின்னால் ‘குடி அரசு’ ஏடு அவருடைய எழுத்துக்கு இடமாயிற்று. கோவிலூரையும் அவரையும் நான் இணைப்பது அந்த நூலை வைத்து மட்டுமே. மடத்தின் நூலை மடத்துக்கு வெளியே எடுத்து வந்தவர் என்ற முறையில் அவர் எனக்கு முக்கியமாகிறார்.

சுயமரியாதை இயக்கத்தின் எழுச்சியைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் உண்டு. நீதிக்கட்சியின் பின்புலம், சேரன்மாதேவி குருகுலத்தில் தனிப்பந்தி, வைக்கம், 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியது. எல்லாம் சரி. ஆனால் இந்தக் காரணங்கள் கோபத்தை விளக்குகின்றன. அந்தக் கோபத்துக்குத் தர்க்கம் எங்கிருந்து வந்தது என்பதை விளக்குவதில்லை. கிராமத்துச் சந்தையில் நின்று ஒருவன் புராணத்தைக் கேள்வி கேட்கும்போது, எதிரே இருக்கும் பண்டிதர் ஒரு சுலோகத்தைச் சொல்லி அவன் வாயை அடைத்துவிடலாம். அப்படி அடைக்க முடியாமல் போனதற்கு, அந்தச் சுலோகத்தின் முன்னும் பின்னும் தெரிந்த சிலர் இயக்கத்தின் பக்கம் இருந்தது ஒரு காரணம். கைவல்யம் அவர்களில் ஒருவர். வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவனுக்குத்தான் எந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்று தெரியும்.

1925 மே 2-ஆம் தேதி ஈரோட்டில் ‘குடி அரசு’ அலுவலகத்தைத் திறந்து வைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியாரடிகள். அவர் ஒரு வீரசைவ மடத்தின் தலைவர். இதை ஒரு முரண்பாடாகச் சுட்டிக்காட்டிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. இயக்கம் பிறந்தபோது மடத்துக்கும் மேடைக்கும் இடையே இருந்த கதவு திறந்திருந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வந்தார்கள்.

கைவல்யம் செய்த காரியத்தை நான் புரிந்துகொள்வது இப்படி. பரமார்த்தம், வியவகாரம் என்ற பிரிவினையை அவர் ஏற்கவில்லை. எல்லாம் ஒன்று என்பது உண்மையானால் அது கிணற்றடியிலும் உண்மையாக இருக்க வேண்டும். கிணற்றடியில் உண்மையாக இல்லாவிட்டால் அது உண்மையே இல்லை. கடைசியில் அவர் இரண்டாவது முடிவுக்குப் போனார், வேதாந்தத்தையே விட்டார். போன வழிதான் முக்கியம். சந்தேகம் தெளிதற் படலத்தில் விடுபட்ட அந்தச் சந்தேகத்தை எழுப்பி, அதற்குப் பதில் கிடைக்காததால் வெளியே வந்தார். நூலைப் படித்து வெளியே வருவது வேறு. படிக்காமல் வெளியே நிற்பது வேறு. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தாலும் இரண்டும் ஒரே அனுபவமில்லை.

4

இயக்கம் வளர்ந்தது. 1929-இல் செங்கல்பட்டு, 1930-இல் ஈரோடு, 1931-இல் விருதுநகர் என்று மாகாண மாநாடுகள் நடந்தன. திண்ணையில் நாலு பேர் முன்னால் நடந்த வாதம் பந்தலில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் நடக்கும் பிரசங்கமாயிற்று. திண்ணையில் எதிராளி எதிரே உட்கார்ந்திருப்பான். பந்தலில் எதிராளிக்கு இடமில்லை. அவன் சொல்லக்கூடியதையும் பேச்சாளரே சொல்லி, பேச்சாளரே மறுத்துவிடுவார். எதிராளி எப்போதும் முட்டாளாகவே இருப்பான்.

சைவ சாத்திரத்தில் இதற்கு ஒரு பழைய ஒழுங்கு இருந்தது. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பாகமாக அமைந்திருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் தம் கொள்கையைச் சொல்வதற்கு முன்னால் மாற்றாரின் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். முதலில் வருவது உலகாயதம். கடவுளை மறுத்த உலகாயதனின் வாதத்தைத் தமிழில் தொகுத்துப் பாதுகாத்துக் கொடுத்தது ஒரு சைவ நூல் என்பதை நம் பகுத்தறிவாளர்கள் எவ்வளவு பேர் யோசித்திருக்கிறார்கள்? மறுப்பதற்காகத்தான் சொன்னார், உண்மை. ஆனால் மறுப்பதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அவருக்கு இருந்தது.

மேடைக்கு இந்த நிர்ப்பந்தம் கிடையாது. அதற்குச் சுபக்கம் மட்டும் போதும். இங்கேதான் இயக்கத்திலிருக்கும் சிந்தனையாளன் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. மாற்றார் வாதத்தின் பலம் அவனுக்குத் தெரியும். தன் வாதத்தின் பலவீனமும் தெரியும். இரண்டையும் தனக்குள் வைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுக்கிறான். கேட்டால், மக்களுக்கு இப்போது இவ்வளவு போதும் என்கிறான். மடத்து முதியவர் என்னிடம் சொன்னதும் இதுதானே? ஞானம் உள்ளே, நடைமுறை வெளியே. மடத்தின் இரண்டு உண்மைகளை உடைக்கப் புறப்பட்ட இயக்கம் தனக்கென்று இரண்டு உண்மைகளை ஏற்படுத்திக்கொண்டது. கடவுள் இல்லை என்று தொடங்கிய மரபிலிருந்து வந்த அண்ணாதுரை, கட்சி வளர்ந்த காலத்தில் திருமூலரிடமிருந்து ஒரே தேவன் என்ற தொடரை எடுத்து மேடையில் வைத்தார். அவருக்குத் தெரியாமல் செய்தாரா? தெரிந்துதான் செய்தார். 1967-இல் ஆட்சி வந்தது.

1927-இல் ழூலியன் பெந்தா என்ற பிரெஞ்சு எழுத்தாளர் அறிவாளிகளின் துரோகத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நியாயம், உண்மை என்ற பொது மதிப்புகளைக் காக்க வேண்டியவர்கள் இனத்துக்கும் தேசத்துக்கும் வர்க்கத்துக்கும் வக்காலத்து வாங்கப் போய்விட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. நம் சிறுபத்திரிகை உலகில் பெந்தாவின் பெயரைச் சொல்லாதவர்களும் மனத்தளவில் பெந்தாவின் பக்கம்தான். இயக்கத்துக்குப் போனவன் கெட்டான் என்று சொல்லிவிட்டு நம் நூறு பிரதிகளுக்குத் திரும்பிவிடுவோம். அதே வருஷங்களில் இத்தாலியச் சிறையில் கிராம்சி வேறு விதமாக யோசித்துக்கொண்டிருந்தார். சுத்தமாக ஒதுங்கி நிற்கும் அறிவாளி என்று ஒருவன் இல்லை. தன்னைச் சுதந்திரன் என்று நினைத்துக்கொள்ளும் மரபான அறிவாளியும் ஒரு பழைய அமைப்பின் ஆள்தான். எழுந்து வரும் வர்க்கம் தனக்கான அறிவாளிகளைத் தன்னிலிருந்தே உருவாக்கிக்கொள்ளும் என்றார். கோவிலூரைப் பார்த்தவனுக்குக் கிராம்சி சொல்வது எளிதில் புரியும். மடத்துப் பண்டிதர் நடுநிலையாளர் இல்லை. தடைகள் விதிக்கப்பட்ட வருஷத்தில் மௌனமாக இருந்ததும் ஒரு பக்கம்தான்.

ஆகவே ஒதுங்கி நிற்பது பதிலாகாது. கிராம்சி பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வி மட்டும் எனக்கு மீதி இருக்கிறது. எழுந்து வரும் வர்க்கத்தோடு சேர்ந்துவிட்டவன், அந்த வர்க்கத்திடம் எதை மறைக்கலாம்?

5

கோவிலூரைச் சுற்றிச் சில மைல்களுக்குள், இந்தக் கேள்வியை எதிர்கொண்ட வேறு இருவரின் சுவடுகள் இருக்கின்றன.

காரைக்குடியில் சொ. முருகப்பா. ‘குமரன்’ இதழை நடத்தியவர். செட்டிநாட்டில் சீர்திருத்தத்தையும் சுயமரியாதையையும் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர். கைம்பெண் மணத்தைப் பற்றி எழுதியதோடு நிற்காமல் தம் வாழ்க்கையில் அதைச் செய்தவர். 1936-இல் ‘மாதர் மறுமணம்’ என்ற இதழ் அவர் மனைவி மரகதவல்லியை ஆசிரியராகக் கொண்டு காரைக்குடியிலிருந்து வெளிவந்தது. அதே முருகப்பா பிற்காலத்தில் கம்பராமாயணப் பதிப்பில் இறங்கினார். 1943-இல் கம்பராமாயணத்தைக் கொளுத்தலாமா என்று அண்ணாதுரை ரா. பி. சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் வாதிட்ட காலத்தையும் வைத்துப் பார்த்தால், அவர் எவ்வளவு தூரம் விலகி வந்தார் என்று தெரியும். இதைப் பின்வாங்கல் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. அவர் மறுமணத்திலிருந்து பின்வாங்கவில்லையே.

சிராவயலில் ப. ஜீவானந்தம். இருபது வயதில் அங்கே காந்தி ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்தார். 1927-இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது சிராவயலுக்கும் வந்தார். வருணாசிரமத்தைப் பற்றிக் காந்தி சொல்லிவந்ததை அந்த இளைஞர் ஏற்கவில்லை. காந்தியத்திலிருந்து சுயமரியாதைக்கும், அங்கிருந்து பொதுவுடைமைக்கும் போனார். 1932 டிசம்பரில் சிங்காரவேலரின் பங்களிப்போடு உருவான ஈரோட்டுத் திட்டம் சில ஆண்டுகளில் அரசாங்கத்தின் அடக்குமுறைக்கு முன்னால் கைவிடப்பட்டபோது, இயக்கத்தோடு அவருக்கிருந்த உறவு முறிந்தது. பொதுவுடைமைக் கட்சிக்குள் இருந்தபடியே கம்பனைப் பற்றி மேடையேறிப் பேசினார். கட்சித் தோழர்கள் பலருக்கு அது சங்கடமாக இருந்திருக்கும். கேட்கவந்த கூட்டத்துக்கு அது தேவையாக இருந்தது.

கைவல்யம், முருகப்பா, ஜீவா. ஒருவர் கடைசிவரை இயக்கத்திலேயே இருந்தார். இன்று இயக்கத்தினரில் பெரும்பாலோர் அவரைப் படிப்பதில்லை. ஒருவர் நூலுக்குத் திரும்பினார். ஒருவர் வேறு இயக்கத்துக்குப் போனார். மூவருக்கும் பொதுவாக ஒன்றைப் பார்க்கிறேன். தாங்கள் நம்பியதற்கும் வெளியே சொன்னதற்கும் நடுவே இருந்த இடைவெளி பெரிதாகாமல் பார்த்துக்கொண்டார்கள். பெரிதாகும்போது இடத்தை மாற்றினார்கள், அல்லது இருந்த இடத்திலேயே சங்கடம் கொடுத்தார்கள். நான் செய்யாதது இது.

6

இந்த வாதத்துக்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. பரபக்கத்தைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் விட முடியாது.

குடை பிடித்ததற்காக அடி வாங்கியவனிடம் போய், முதலில் எதிராளியின் வாதத்தை நியாயமாக எடுத்துச் சொல் என்று கேட்பது என்ன தர்மம்? தனக்கு இழைக்கப்படுவது அநியாயம் என்று தெரிந்துகொள்ள அவனுக்குக் கைவல்ய நவநீதம் வேண்டியதில்லை. சுருக்கமான, முரட்டுத்தனமான, பாதி உண்மையான வாக்கியங்கள்தான் அவனை நிமிர வைத்தன. நுட்பமான வாக்கியங்கள் பல நூற்றாண்டுகள் இருந்தும் ஒரு குடையைக்கூட விரிக்க வைக்கவில்லை. புரோகிதரில்லாத சுயமரியாதைத் திருமணத்தை மேடையிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னார்கள், கேலி செய்யப்பட்டார்கள், அது 1967-இல் சட்டமாயிற்று. எத்தனை ஆயிரம் குடும்பங்களின் வாழ்க்கை அந்தச் சட்டத்தால் சட்டபூர்வமாயிற்று! அந்த மேடைகளில் பரபக்கம் விடுபட்டது என்று இன்று நான் புகார் சொல்வது சாப்பிட்டுவிட்டு இலையைக் குறை சொல்வதாகாதா?

இந்த ஆட்சேபத்தில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பரபக்கத்தின் சுமையை அடி வாங்கியவன் தலையில் ஏற்ற யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அவனுக்காக எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தவனுக்கு அந்த விலக்கு கிடையாது. அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட, ‘குடி அரசு’ உடனே தமிழில் வெளியிடத் தொடங்கிய ‘சாதி ஒழிப்பு’ உரை இதற்குச் சாட்சி. காந்தி தம் ஏட்டில் அதை மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அம்பேத்கர் காந்தியின் மறுப்பையும் சேர்த்து அச்சிட்டு, அதன் கீழே தம் பதிலை வைத்தார். அந்த நாட்டில் எதிராளியின் வாதத்தை மதிக்காமலிருக்க யாருக்காவது நியாயம் இருந்தது என்றால் அவருக்கு இருந்தது. அவர் மதித்தார். அதனால் அவருடைய வாதத்தின் முரட்டுத்தனமும் குறையவில்லை, பலமும் குறையவில்லை. எளியவர்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்கும், எளியவர்களிடமிருந்து மறைக்கலாம் என்பதற்கும் உள்ள தூரம் அங்கே தெரிகிறது.

ஒரு வாக்கியத்தைச் சுருக்குவதில் தவறில்லை. எல்லா இயக்கங்களும் சுருக்கித்தான் சொல்லும். சுருக்கியவன், சுருக்கியபோது எதை விட்டோம் என்பதைச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது எழுந்து அதையே கேட்டால், அவன் எழுந்து நிற்க வேண்டும். “ஆமாம், அதை விட்டுவிட்டுத்தான் எழுதினேன், இவர் கேட்பது சரியான கேள்வி” என்று சொல்ல வேண்டும். இயக்கத்துக்கு அது பிடிக்காமல் போகலாம். கைதட்டல் நின்றுபோகலாம். இயக்கத்தில் சிந்தனையாளனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கோஷம் எழுதுவதற்கு அவன் தேவையில்லை. அதை மற்றவர்கள் அவனைவிட நன்றாகச் செய்வார்கள்.

கண்மாய்த் தண்ணீரைப் பற்றி அந்த ஆசிரியர் கேட்ட கேள்விக்கு எங்கள் அமைப்பு கலைகிறவரை பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டிருந்தால் மடைக்காரனையும் கடைமடைக்காரனையும் பற்றி யோசித்திருப்போம். ஊர்ப் பொது என்று சொல்லப்படுவதில் யார் யார் சேர்த்தியில்லை என்று யோசித்திருப்போம். ஒருவேளை எங்கள் திட்டமே மாறியிருக்கும். சந்தேகத்துக்கு ஒரு படலம் ஒதுக்கிய மடம் ஊர்ச் சேரியைப் பற்றிய சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. சேரியைப் பற்றிப் பேச வந்த நாங்கள் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை.

கூட்டம் நடந்து மூன்று வருஷம் கழித்து அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். அந்த வாக்கியத்தை எழுதியவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. பேசிக்கொண்டிருந்தோம். மழை இல்லை என்றார்; கண்மாய் காய்ந்து கிடக்கிறது என்றார். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பேருந்து வந்துவிட்டது. பேருந்து வராவிட்டாலும் சொல்லியிருப்பேன் என்று நிச்சயமில்லை. அவர் இப்போது இல்லை.

சந்தேகம் வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்று எழுதியது தவறு. எழுதும்போதே அது எனக்குத் தெரியும். அதை அச்சில் சொல்வது இதுதான் முதல் தடவை.